அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய்: முதல் ஒரு மாதத்தில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

அப்பாவுக்கு அப்போது 62 வயது. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வாரமாகப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கல், எங்கும் இடிக்காமலே தொடையில் நீலத் திட்டுகள். ஊரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.8, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் 14,000, வெள்ளையணு 68,000 என்று வந்தது. அன்று ராத்திரியே கார் பிடித்துச் சென்னைக்கு வந்தோம். மூன்றாம் நாள் ‘அக்யூட் மைலாய்டு லுக்கீமியா’ என்றார்கள். சுருக்கமாக ஏ.எம்.எல்.

அதற்குப் பிறகு தெரிந்தவர் வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால் எனக்குப் போன் வரும். பெரும்பாலும் மகனோ மகளோதான் பேசுவார்கள், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி. கேள்விகள் எல்லாருக்கும் ஒன்றுதான். அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் டாக்டர் சொல்வது இதற்கு மாறாக இருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

எல்லா ரத்தப் புற்றுநோயும் ஒன்றுதானா?

இல்லை. முதல் நாளே தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது நோயின் முழுப்பெயரைத்தான்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்தம் உற்பத்தியாகிறது. அப்பாவுக்கு வந்தது போன்ற லுக்கீமியாவில், முதிராத வெள்ளையணுக்கள் பெருகிக்கொண்டே போய் அந்த இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ரிப்போர்ட்டில் ‘பிளாஸ்ட்’ என்று போட்டிருப்பது இவற்றைத்தான். மற்ற அணுக்கள் உருவாக இடமில்லாமல் போகிறது. சிவப்பணு குறைவதால் களைப்பு, பிளேட்லெட் குறைவதால் ரத்தக் கசிவு, நல்ல வெள்ளையணு குறைவதால் காய்ச்சல். மூன்றும் சேர்ந்து வருவது இதனால்தான்.

வேகமாக வளர்வது அக்யூட், மெதுவாக வளர்வது கிரானிக். எந்த வகை அணுவில் தொடங்கியது என்பதைப் பொறுத்து மைலாய்டு, லிம்ஃபாய்டு. ஆக, லுக்கீமியாவின் பெரிய பிரிவுகள் நான்கு: ஏ.எம்.எல்., ஏ.எல்.எல்., சி.எம்.எல்., சி.எல்.எல். நான்குக்கும் வைத்தியம் வேறுவேறு. சி.எல்.எல். வந்த பெரியவர்கள் பலருக்கு உடனே மருந்தே தொடங்குவதில்லை, கவனித்துக்கொண்டே இருப்பார்கள். சி.எம்.எல். என்றால் பெரும்பாலும் தினமும் மாத்திரைதான். 2001இல் வந்த இமாட்டினிப் என்ற மருந்து அந்த நோயின் தலையெழுத்தையே மாற்றியது. அதற்கான காப்புரிமை விண்ணப்பம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நிராகரிக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013இல் விண்ணப்பித்த நிறுவனத்துக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் அதே மருந்து பல மடங்கு குறைந்த விலையில் இங்கே கிடைப்பதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம்.

இனி நான் எழுதுவது பெரும்பாலும் ஏ.எம்.எல். பற்றி. எங்களுக்குத் தெரிந்தது அதுதான்.

‘எந்த ஸ்டேஜ்?’ என்று உறவினர்கள் கேட்கிறார்களே?

அக்யூட் லுக்கீமியாவுக்கு ஸ்டேஜ் கிடையாது. கட்டியாக வரும் புற்றுநோய்களில்தான் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்த்து ஒன்று, இரண்டு என்று சொல்வார்கள். ரத்தம் முதல் நாளிலிருந்தே உடம்பெல்லாம் ஓடுகிறது. இங்கே பார்ப்பது, அந்த அணுக்களின் மரபணுவில் என்ன மாற்றம் ஏற்பட்டிருக்கிறது என்பதை. அந்த ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம்.

நாங்கள் கவனிக்காமல் விட்டதால் வந்ததா?

இந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளையே இல்லை. என் அண்ணன் இரண்டு ராத்திரி தூங்கவில்லை, ‘ஈறுல ரத்தம்னு சொன்னப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா’ என்று. அக்யூட் லுக்கீமியா சில வாரங்களில் வெளியே தெரிவது. ஆறு மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனை சரியாகவே இருந்திருக்கக் கூடும். பென்சீன் போன்ற ரசாயனம், புகைப்பழக்கம், முன்பு எடுத்த கீமோ அல்லது கதிர்வீச்சு ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு இன்னதுதான் காரணம் என்று விரல் நீட்ட முடியாது. தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது. பரம்பரையாக வருவதும் அபூர்வம்தான்.

இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுப்பது ரொம்ப வலிக்குமா?

ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்புக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்கள். குத்தும் வலி தெரியாது. மஜ்ஜையை உறிஞ்சும்போது சில விநாடிகள் காலுக்குள் இழுப்பதுபோல ஒரு வலி வரும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இது முதுகுத்தண்டில் போடுவது இல்லை, கால் விளங்காமல் போய்விடாது. எங்கள் அத்தை அப்படித்தான் நினைத்து அழுதுகொண்டிருந்தார்.

இன்னொரு இடத்தில் காட்டிவிட்டு முடிவு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் நோயாளியை அலைக்கழிக்காதீர்கள். பிளேட்லெட் பத்தாயிரத்தில் இருக்கிறவரை ஊர் ஊராகக் காரில் கூட்டிப்போவது ஆபத்து. ரிப்போர்ட்டுகளையும் ஸ்லைடுகளையும் எடுத்துக்கொண்டு நீங்கள் போங்கள். ரத்தவியல் நிபுணர், அதாவது ஹீமட்டாலஜிஸ்ட், இருக்கிற இடமாகப் பாருங்கள். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1986 முதலே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துவரும் வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் என்று நமக்கு எட்டுகிற தூரத்திலேயே நல்ல இடங்கள் உண்டு.

ஒரே ஒரு வகையில் மட்டும் காத்திருக்கவே கூடாது. ஏ.எம்.எல்.லில் ஏ.பி.எல். என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. மூளையிலோ நுரையீரலிலோ திடீரென்று ரத்தக் கசிவு வந்துவிடும் அபாயம் அதில் அதிகம். சந்தேகம் வந்தவுடனேயே, உறுதி செய்யும் ரிப்போர்ட்டுக்குக்கூடக் காத்திராமல், ‘ஏட்ரா’ என்னும் மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். அந்த முதல் சில நாட்களைக் கடந்துவிட்டால், பெரியவர்களுக்கு வரும் அக்யூட் லுக்கீமியாக்களிலேயே நன்றாகக் குணமாவது இதுதான். ஆர்சனிக் மருந்தை வைத்து இந்த வகைக்கு வைத்தியம் செய்வதில் வேலூர் டாக்டர்களின் பங்கு உலக அளவில் பேசப்படுவது.

அப்பாவிடம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இது ஒன்றைத்தான்.

நாங்கள் ஆறு நாள் மறைத்தோம். ‘ரத்தத்துல கிருமி, டிரிப்ஸ் போட்டா சரியாயிடும்’ என்றோம். சித்தப்பா வந்து, ‘அண்ணனுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்’ என்றார். சம்மதப் படிவத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டான். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கண்ணைக் காட்டி வெளியே அழைத்துப்போய்ப் பேசினோம். நான்காம் நாள் சாயங்காலம் அப்பாவுக்குக் குளிர் எடுத்திருக்கிறது. காய்ச்சல் என்று சொன்னால் வீட்டுக்கு விட மாட்டார்கள் என்று நினைத்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு மணி நேரம் யாரிடமும் சொல்லாமல் படுத்திருந்தார். சிஸ்டர் வந்து பார்த்தபோது 102 டிகிரி. இந்த நோயில் அந்த இரண்டு மணி நேரம் உயிரைக் கொண்டுபோகக் கூடியது. தனக்கு என்ன நோய் என்று தெரியாத மனிதர் எதற்குப் பயப்பட வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

ஆறாம் நாள் காலை அவரே ஆரம்பித்தார். ‘ஏம்மா, வாசல்ல புற்றுநோய்ப் பிரிவுன்னு தமிழ்லயே எழுதியிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாதா?’ என்றார். முதல் நாளே தெரிந்திருக்கிறது. நாங்கள் உடைந்துபோவோம் என்று அவர் மறைத்திருக்கிறார்.

அன்றைக்கு டாக்டரையும் வைத்துக்கொண்டு பேசினோம். அப்பா கேட்டவை மூன்று: மருந்து இருக்கிறதா, எத்தனை நாள், எவ்வளவு ஆகும். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொன்னார். பணிமனையில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுதிவைத்த மாதிரி, தேதி போட்டு ஹீமோகுளோபின், வெள்ளையணு, பிளேட்லெட், எவ்வளவு காய்ச்சல், எத்தனை பாட்டில் ரத்தம் என்று தன் கைப்படவே எழுத ஆரம்பித்தார். பேங்க் கணக்குக்கு நாமினி மாற்ற வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். நாங்களாக அந்தப் பேச்சை எடுத்திருக்கவே மாட்டோம்.

எப்படிச் சொல்வது என்றால், முதலில் கேளுங்கள்: ‘உங்களுக்கு என்னவா இருக்கும்னு நினைக்கிறீங்க, அப்பா?’ பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அப்புறம் நோயின் பெயரையும், மருந்து தொடங்கப் போகும் நாளையும் சேர்த்தே சொல்லுங்கள். பெயரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். ‘எனக்கு விவரம் எதுவும் வேண்டாம், நீங்களே பாத்துக்கோங்க’ என்று அவரே சொன்னால் அதையும் மதியுங்கள். அது அவர் எடுத்த முடிவு. நீங்கள் அவருக்குப் பதிலாக எடுக்கக் கூடாத முடிவு.

கீமோ எப்படி நடக்கும்?

உடம்பு தாங்கும் என்று தெரிந்தால், ஏ.எம்.எல்.லுக்கு முதலில் கொடுப்பதை ‘செவன் பிளஸ் த்ரீ’ என்பார்கள். சைட்டராபின் ஏழு நாள் இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக இறங்கும். டானோரூபிசின் மூன்று நாள். 1970களிலிருந்து இருக்கும் முறை. கையில் வெறும் ஊசி போட்டால் நரம்பு, அதாவது ரத்தக் குழாய், தாங்காது என்பதால், புஜத்தின் வழியாக ‘பிக் லைன்’ என்ற மெல்லிய குழாயை இதயத்துக்கு அருகே இருக்கும் பெரிய நரம்பு வரை செலுத்திவைப்பார்கள். ரத்தம் எடுப்பதும் மருந்து ஏற்றுவதும் அதிலேயே நடக்கும். அதை நனையாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

வயதானவர்கள், இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருப்பவர்கள் என்றால், அசாசிட்டிடின் ஊசியும் வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரையும் கொடுப்பது இப்போது வழக்கம். ‘ஸ்ட்ராங் மருந்து தரவில்லை, கைவிட்டுவிட்டார்கள்’ என்று நினைக்க வேண்டாம். அந்த உடம்புக்கு அதுதான் சரியான மருந்து.

முதல் வாரம் பார்ப்பதற்கு நன்றாகவே இருப்பார். வாந்திக்கு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. நிறையத் தண்ணீர் ஏற்றி, சிறுநீரை அளந்துகொண்டே இருப்பார்கள். புற்றணுக்கள் மொத்தமாக உடையும்போது யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடாமல் இருக்கத்தான். டானோரூபிசின் ஏறிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம். எங்களுக்கு யாரும் முன்பே சொல்லாததால் அம்மா கழிவறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். முடி கொட்டுவது இரண்டு மூன்று வாரம் கழித்து.

அப்படியென்றால் கஷ்டமான காலம் எது?

மருந்து முடிந்த பிறகு வரும் இரண்டு மூன்று வாரங்கள். இதை முன்பே தெரிந்துகொண்டால் பாதி பயம் குறையும். கீமோ கெட்டதையும் நல்லதையும் சேர்த்தே துடைத்துவிடும். நியூட்ரோபில் என்கிற காவல் அணுக்கள் பூஜ்யத்துக்கு வந்து, மஜ்ஜை மறுபடி துளிர்க்கும் வரை அங்கேயே நிற்கும். வார்டில் எல்லாரும் ‘கவுன்ட் ஏறிச்சா?’ என்று ஒருவரையொருவர் கேட்பது இதைத்தான்.

அந்த நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் அவசரம். ‘கொஞ்சம் பார்க்கலாம்’ கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். நீங்களாகப் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்கக் கூடாது. ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் பக்கமே வரக் கூடாது, ரத்தக் கசிவை அவை கூட்டும். பிளேடு ஷேவிங் வேண்டாம். மலச்சிக்கல் என்றால் சிஸ்டரிடம் சொல்லி மருந்து வாங்குங்கள், எனிமா கூடாது. வாய்ப்புண் பலருக்கும் வரும். உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் சாப்பிட்டபின் ஒவ்வொரு முறையும் கொப்பளித்தால் நிறையத் தேவலை. திடீர்த் தலைவலி, பார்வை மங்கல், குழறிய பேச்சு என்று எது வந்தாலும் ராத்திரி எத்தனை மணியானாலும் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பார்க்க வருபவர்களை எப்படித் தடுப்பது? அப்பாவே சொல்வதாகச் சொல்லிவிடுங்கள். எங்கள் அப்பா தன் குரலிலேயே ஒரு வாட்ஸாப் செய்தி பதிவு செய்து அனுப்பினார்: ‘யாரும் வர வேண்டாம், வீட்டுக்கு வந்தப்புறம் சாப்பிட வாங்க.’ யாருக்கும் வருத்தமில்லை.

பிளேட்லெட்டுக்கு யாரிடம் கேட்பது? நானே கொடுக்கலாமா?

உங்கள் ரத்தத்தைக் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். பின்னால் மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்பட்டால், தானம் செய்ய முதலில் பார்ப்பது உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும்தான். பெற்ற பிள்ளை எப்போதும் பாதிப் பொருத்தம். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த ஒவ்வொரு சகோதரருக்கும் முழுப் பொருத்தம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அவர்களுடைய ரத்தத்தை இப்போதே ஏற்றினால் உடம்பு அதற்கு எதிர்ப்புச் சக்தியை உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். ரத்த சொந்தத்தின் ரத்தம் என்றால் அந்த ரத்தப் பைக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்ற வேண்டும் என்று இன்னொரு விதியும் இருக்கிறது. பாசத்தில் முதல் ஆளாகக் கையை நீட்டத் தோன்றும். வேறு ஆட்களைத் திரட்டுவதுதான் அப்போது நீங்கள் செய்யக் கூடிய பெரிய உதவி.

பிளட் பேங்க்கில் எஸ்.டி.பி. என்பார்கள். ஒரே கொடையாளரின் ரத்தத்தை இயந்திரம் வழியாக ஓடவிட்டு, பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை அவருக்கே திருப்பிவிடுவது. ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு பை ஏற்றினால் சுமார் 30,000 முதல் 50,000 வரை ஏறலாம். காய்ச்சல் இருந்தால் அவ்வளவு ஏறாது, இரண்டே நாளில் இறங்கியும் விடும். எடுத்த பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும். ஆகவே நல்ல மனதோடு பத்துப் பேர் ஒரே நாளில் வந்து நின்றால் பயனில்லை. ஒரு பட்டியல் போடுங்கள்: பெயர், ரத்த வகை, எந்தக் கிழமை வர முடியும். பரிசோதனையில் பாதிப் பேர் கழிந்துபோவார்கள். நரம்பு சிறிதாக இருக்கும், மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் எடுத்திருப்பார், அவருக்கே பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருக்கும். அதையும் கணக்கில் வைத்துத் திரட்டுங்கள்.

வாட்ஸாப்பில் பரப்புவதானால் ரத்த வகை, ஆஸ்பத்திரி, தேவைப்படும் தேதி மூன்றையும் எழுதுங்கள். தேவை முடிந்ததும் ‘கிடைத்துவிட்டது’ என்று மறக்காமல் போடுங்கள். எங்களுக்கு அப்பாவின் பழைய தொழிற்சங்க நண்பர் ஒருவர் சென்னைப் பணிமனையில் சொல்லி, ஆறு பேர் முறைவைத்து வந்தார்கள். இரவு டியூட்டி முடித்துவிட்டு, காக்கிச் சட்டையோடு, அப்பாவை ஒருமுறைகூடப் பார்த்திராத ஓட்டுநர்கள். அவர்கள் பெயரும் அந்த நோட்டில் இருக்கிறது.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்?

சுடச்சுடச் சமைத்தது, அப்போதே சாப்பிடுவது. இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், நன்றாக வெந்த முட்டை, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். சமைக்காத காய்கறி, தேங்காய்ச் சட்னி, கடைச் சாறு, பழைய சோறு எல்லாம் கவுன்ட் ஏறும்வரை வேண்டாம். வாழைப்பழம், ஆரஞ்சு போலத் தோல் உரிக்கிற பழங்களைச் சில இடங்களில் கழுவிவிட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள், தயிருக்கும் இடத்துக்கு இடம் விதி மாறும். உங்கள் வார்டு விதி எதுவோ அதுவே சட்டம்.

பப்பாளி இலைச் சாறு வேண்டாம். டெங்குவில் கேள்விப்பட்டதை வைத்துக் கொண்டுவருவார்கள். இங்கே பிளேட்லெட் உற்பத்தியாகும் இடமே அடைபட்டிருக்கிறது, இலைச் சாறு அதைத் திறக்காது. காய்ச்சாத சாற்றில் கிருமி வேறு. கஷாயம், லேகியம், சூரணம் எதுவானாலும் டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் பல மருந்துகளோடு மோதக் கூடியவை.

செலவுக்கு என்ன செய்வது?

எங்களுக்குப் புரியாமல் போனது இது: ‘செவன் பிளஸ் த்ரீ’ கீமோ மருந்துகள் பழையவை, விலை அதிகமில்லை. பணத்தை விழுங்குவது அதற்குப் பிறகான ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து, பிளேட்லெட், அறை வாடகை. ஆகவே மதிப்பீடு கேட்கும்போது ‘காய்ச்சல் வந்தால் எவ்வளவு ஆகும்?’ என்று சேர்த்துக் கேளுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். உடனே ஊருக்கு ஒருவரை அனுப்பிவிடுங்கள். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்பது கஷ்டம். சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பிழைத்துவிடுவாரா?

மருந்து தொடங்கி ஏறக்குறைய 28 நாளில் மறுபடி மஜ்ஜை எடுத்துப் பார்ப்பார்கள். பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே வந்து, கவுன்ட்டும் ஏறியிருந்தால் அது ரெமிஷன். நோய் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள், முழுக்கப் போய்விட்டது என்று இல்லை. அதனால்தான் மேலும் சில சுற்றுக் கீமோ, சிலருக்கு மஜ்ஜை மாற்று. வயது, மரபணு மாற்றத்தின் வகை, முதல் மருந்துக்கு நோய் எப்படிப் பணிகிறது ஆகிய மூன்றும் தெரியாமல் யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இணையத்தில் பார்க்கும் சதவீதம் உங்கள் அப்பாவைப் பற்றியது இல்லை.

எங்கள் அப்பா முதல் சுற்றிலேயே ரெமிஷனுக்கு வந்தார். பதினான்கு மாதம் வீட்டில் நன்றாக இருந்தார், பேரனுக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். பிறகு நோய் திரும்பியது. இப்போது அவர் இல்லை. இதை இங்கே எழுதுவதா என்று யோசித்தேன். அப்பாவிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று உங்களிடம் சொல்லிவிட்டு இதை மட்டும் நான் மறைக்க முடியாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஏ.பி.எல். அம்மா நன்றாக இருக்கிறார். போன பொங்கலுக்கும் போன் செய்தார்.

வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என்ன ஏற்பாடு வேண்டும்?

வீட்டில் பெயின்ட் அடிக்க வேண்டாம், ஒட்டடை, தூசி எல்லாம் அவர் வருவதற்கு முன் முடித்துவிடுங்கள். அவருக்கென்று ஒரு கழிவறை இருந்தால் நல்லது. பூந்தொட்டிகளை அவர் அறையிலிருந்து வெளியே வையுங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள், ஒன்று பழுதானாலும் ராத்திரியில் தேடக் கூடாது.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பை எப்போதும் கட்டியே இருக்கட்டும்: ஃபைல், காப்பீட்டு அட்டை, இரண்டு செட் துணி, போன் சார்ஜர், கொஞ்சம் ரொக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு வரக்கூடிய டிரைவர் ஒருவரிடம் முன்பே பேசிவையுங்கள். பக்கத்து ஊரில் இந்த நோயாளிக்கு உடனே ஆன்டிபயாட்டிக் போடக் கூடிய ஆஸ்பத்திரி எது என்று உங்கள் டாக்டரிடமே கேட்டு, அவர் கையால் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பையில் அந்தக் கடிதம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் அப்பாதான்.